படி வேறு, கிலோ வேறு
(பண்ணை வானொலி உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் நாற்றங்கால், உரம், பூச்சி மருந்து என்றுதான் பேசுவோம். இன்றைக்கு அடுப்படியிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். 'விவசாய அதிகாரிக்கு அடுப்படியில் என்ன வேலை?' என்று நினைக்க வேண்டாம். விளைந்ததை அப்படியே மூட்டையாக விற்பதைவிட, மாவாக்கி, எண்ணெயாக்கி, பலகாரமாக்கி விற்றால் கையில் நாலு காசு கூடுதலாக நிற்கும் என்று நாங்களேதான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லி வருகிறோம். அப்படிச் சொல்லிவிட்டு அளவுக் கணக்கைச் சொல்லித் தராமல் விட்டால் என்ன ஆகும்? அதை ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் நான் நன்றாகவே தெரிந்துகொண்டேன்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு மகளிர் குழுவினர் அதிரசத்துக்கு ஆர்டர் பிடித்திருந்தார்கள். பயிற்சியின்போது நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட கணக்கு இதுதான்: ஈர அரிசி மாவு 5 கிலோ, வெல்லம் 3 கிலோ. எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நானும் கிளம்பி வந்துவிட்டேன். நாலு நாள் கழித்துக் காலையில் போன் வந்தது.

"சார், நீங்க சொன்ன கணக்குலதான் போட்டோம். எண்ணெயில போட்டா அதிரசம் பிரிஞ்சு பிரிஞ்சு போகுது. கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். இரண்டு ஈடு அதிரசம் எண்ணெயில் கரைந்து கருகிப்போய்க் கிடந்தது. ஒரு சட்டி எண்ணெயும் வீண். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் யார் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"மாவை எப்படிம்மா அளந்தீங்க?" என்று கேட்டேன்.

"இந்தா, இந்த லிட்டர் படியிலதான் சார். அஞ்சு படி."

"வெல்லம்?"

"அது கடையில நிறுத்து வாங்கினது. மூணு கிலோ."

விஷயம் புரிந்துவிட்டது. பக்கத்து மளிகைக் கடைக்கு அந்தப் படியையும் மாவையும் எடுத்துக்கொண்டு போனோம். தராசில் வைத்துப் பார்த்தால், ஒரு படி மாவு 520 கிராம்தான் இருந்தது. அஞ்சு படி என்றால் 2 கிலோ 600 கிராம். ஐந்து கிலோ மாவு சேர வேண்டிய இடத்தில் பாதி அளவுதான் சேர்ந்திருக்கிறது. வெல்லமோ முழுசாக மூன்று கிலோ. மாவைவிட வெல்லம் அதிகம். பிறகு அதிரசம் எப்படிப் பிரியாமல் இருக்கும்?

தவறு அவர்களுடையது மட்டும் அல்ல. வீட்டில் தராசு இல்லாதவர்களுக்குக் கிலோவில் கணக்கு எழுதிக் கொடுத்தேனே, அது என் தவறு. இந்தத் தவறு இன்னொரு ஊரில் நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் இன்றைய பேச்சு.

இடமும் கனமும்

படி, லிட்டர், டம்ளர், கரண்டி இவையெல்லாம் ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று காட்டும் அளவுகள். கிலோ, கிராம் என்பவை அந்தப் பொருள் எவ்வளவு கனக்கிறது என்று காட்டும் அளவுகள். இரண்டும் வேறு வேறு. ஒரு கோணியில் பஞ்சை அடைத்தால் சின்னப் பையன்கூடத் தூக்கிவிடுவான். அதே கோணியில் மணலை அடைத்தால் இரண்டு ஆள் வேண்டும். கோணி ஒன்றுதான், இடமும் ஒன்றுதான், கனம்தான் வேறு.

அப்படியானால் 'ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து வந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை இருக்கும். 200 மில்லி டம்ளர் தண்ணீர் 200 கிராம் இருக்கும். தண்ணீருக்கு அது சரி. அதையே மாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் தேனுக்கும் நீட்டிப் பார்க்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

அந்தக் காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. ஏனென்றால் எல்லாமே முகத்தல் அளவில்தான் நடந்தது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று எங்க அப்பத்தா விரல் விட்டுச் சொல்லும். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவார்கள். விளைந்ததும் மரக்காலில், கூலியும் மரக்காலில், உலையில் போடுவதும் படியில். ஆகவே கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போனது.

பிறகு 1956-ல் எடை, அளவுச் சட்டம் வந்தது. 1958 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கடையில் கிலோ வந்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாக நெல்லை நிறுத்து வாங்குகிறார்கள். ஆனால் நம் அடுப்படியில் இன்னும் படியும் டம்ளரும்தான். வாங்குவது ஒரு கணக்கு, சமைப்பது ஒரு கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும்.

ஏன் இந்த வித்தியாசம்?

ஒரு படி நிறைய நெல்லைப் போடுங்கள். படி நிறைந்துவிட்டது என்று நாம் சொல்கிறோம். ஆனால் நெல்லுக்கும் நெல்லுக்கும் இடையில் சந்து இருக்கிறது. அந்தச் சந்தில் இருப்பது காற்று. நெல்லின் உமிக்குள்ளும் கொஞ்சம் காற்று இருக்கிறது. உமியும் கனம் குறைந்தது. அதனால் ஒரு லிட்டர் நெல் 550 முதல் 600 கிராம்தான் நிற்கும். அதே படியில் அரிசியைப் போட்டால் உமி கிடையாது, மணிகள் நெருங்கி உட்காரும். ஏறக்குறைய 800 கிராம் நிற்கும்.

'ரெண்டு படி நெல்லுக்கு ஒரு படி அரிசி' என்று கிராமத்தில் ஒரு கணக்கு உண்டு. மில்லில் கேட்டால் 'நூறு கிலோவுக்கு 67 கிலோ அரிசி' என்பார்கள். ஒருவர் பாதி என்கிறார், இன்னொருவர் மூன்றில் இரண்டு பங்கு என்கிறார். யார் பொய் சொல்கிறார்கள்? இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். நூறு படி நெல் 57 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அரிசி 38 கிலோ கிடைக்கும். அந்த 38 கிலோ அரிசியைத் திரும்பப் படியில் அளந்தால் 48 படிக்குக் கிட்டே வரும். படிக் கணக்கில் பாதி, கிலோக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு. அளவு எது என்று கேட்காமல் சண்டை போட்டால் மில்காரரோடு மனஸ்தாபம்தான் மிச்சம்.

மாவுக்கு வருவோம். மாவில் துகள்கள் பொடியாக இருப்பதால் அவற்றுக்கு இடையில் காற்று நிறையச் சிக்கிக்கொள்ளும். சலித்த மாவைப் பொலபொலவென்று படியில் அள்ளினால் ஒரு எடை. அதே படியைத் தரையில் நாலு தட்டுத் தட்டினால் மாவு இறங்கி, மேலே இடம் உண்டாகும். அதையும் நிரப்பினால் இன்னொரு எடை. விரலால் அழுத்தினால் வேறொரு எடை. ஒரே படியில், ஒரே மாவில், அளக்கிற கைக்குத் தகுந்தபடி நூறு கிராம் வரை கூடும், குறையும்.

கோபுரமாகக் குவித்து அளப்பது இன்னொரு தகராறு. வாய் அகன்ற பாத்திரத்தில் குவித்தால் அதிகம் நிற்கும், வாய் குறுகினதில் குறைவாக நிற்கும். ஆகையால் கணக்குக்கு அளக்கும்போது எப்போதும் தலைதட்டி அளக்க வேண்டும். ஒரு நேரான குச்சியையோ கத்தியின் முதுகையோ வைத்து விளிம்போடு வழித்துவிடுங்கள்.

குறித்துக்கொள்ளுங்கள்

காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் படியில், அழுத்தாமல், தலைதட்டி அளந்தால் கிடைக்கக்கூடிய எடைகளைச் சொல்கிறேன். ரகத்துக்கும் ஈரத்துக்கும் தகுந்தபடி சற்று முன்னே பின்னே இருக்கும்.

நெல்: 550 முதல் 600 கிராம்.
அரிசி: ஏறக்குறைய 800 கிராம்.
கேழ்வரகு: 750 முதல் 800 கிராம்.
துவரம் பருப்பு, உளுத்தம் பருப்பு: 800 முதல் 850 கிராம்.
நிலக்கடலைப் பருப்பு: 600 முதல் 650 கிராம்.
சர்க்கரை: ஏறக்குறைய 850 கிராம்.
அரிசி மாவு, கோதுமை மாவு: 500 முதல் 650 கிராம்.
மிளகாய்த்தூள்: ஏறக்குறைய அரைக் கிலோ.
கல் உப்பு: ஏறக்குறைய 1 கிலோ.
தூள் உப்பு: ஏறக்குறைய 1 கிலோ 200 கிராம்.
நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய்: 910 முதல் 920 கிராம்.
பால்: 1 கிலோ 30 கிராம்.
தேன்: ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம்.

இதில் உப்பைக் கவனியுங்கள். ஊறுகாய் கெடாமல் இருப்பதற்குக் காவல்காரன் உப்புதான். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், கூடினால் வாயில் வைக்க முடியாது. கல் உப்பில் இரண்டு படி போட்டுப் பழகியவர், ஒரு வருஷம் தூள் உப்பு வாங்கி அதே இரண்டு படி போட்டால் 400 கிராம் உப்பு கூடுதலாக விழுந்துவிடும். 'கை மணம் மாறிப்போச்சு' என்று சொல்வார்கள். கை மாறவில்லை, உப்புதான் மாறியது. விற்பனைக்கு ஊறுகாய் போடுகிறவர்கள் மாங்காயையும் உப்பையும் மிளகாய்த்தூளையும் நிறுத்தே போட வேண்டும்.

விற்கும்போது நஷ்டம் எங்கே?

தேனீ வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முக்கால் லிட்டர் பாட்டிலில் தேன் ஊற்றினால் அது 'முக்கால் கிலோ' ஆகாது. ஒரு கிலோவுக்கும் மேலே 50 கிராம் நிற்கும். பாட்டிலை முக்கால் கிலோ என்று எண்ணி விலை வைத்தால், பாட்டிலுக்கு 300 கிராம் தேனைச் சும்மா கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எண்ணெயில் இது தலைகீழ். எண்ணெய் தண்ணீரைவிடக் கனம் குறைந்தது. அதனால்தானே தண்ணீரில் மிதக்கிறது! ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோவுக்குக் குறைவு. கடையில் விற்கும் எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். 1 லிட்டர் என்று போட்டு, கூடவே 910 கிராம் என்றும் அச்சடித்திருப்பார்கள். 15 கிலோ டின் வாங்கினால் அதில் 16 லிட்டருக்கு மேல் எண்ணெய் இருக்கும். செக்கில் ஆட்டிய எண்ணெய் ஒரு கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு லிட்டரின் நியாயமான விலை 275 ரூபாய்தான். லிட்டர் 300-க்கு வாங்குகிறவர் 25 ரூபாய் கூடக் கொடுக்கிறார். கிலோ 275-க்கு விற்கிறவர் 25 ரூபாய் குறைத்து வாங்குகிறார். ஆகவே விலை கேட்கும்போது 'லிட்டரா, கிலோவா?' என்று முதலில் கேளுங்கள்.

அப்படியானால் கிலோ ஒன்றுதான் சத்தியமா என்றால், அதுவும் இல்லை. எடையில் ஈரமும் சேர்ந்து நிற்கும். 20 சதவீத ஈரம் உள்ள நெல் 100 கிலோவை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 93 கிலோதான் மிஞ்சும். ஏழு கிலோ தண்ணீர் வெயிலில் போய்விட்டது. ஈரமான உப்பையோ நமுத்த பருப்பையோ நிறுத்து வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். நிறுக்கும் முன்னால் கையில் அள்ளிப் பாருங்கள்.

வீட்டிலேயே கணக்கு எடுப்பது எப்படி?

நான் சொன்ன பட்டியலைவிட உங்கள் வீட்டுப் படியில் நீங்களே எடுக்கும் கணக்குதான் உங்களுக்குச் சரியாக இருக்கும். ஏனென்றால் ஊருக்கு ஊர் படி வேறு. லிட்டர் படியும் இருக்கிறது, ஒன்றரை லிட்டருக்கு மேல் பிடிக்கிற பழைய பெரிய படியும் சில வீடுகளில் இருக்கிறது. டம்ளரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வீட்டுக்கு வீடு வேறு.

முதலில், அளக்கப்போகும் பாத்திரம் ஒன்றை முடிவு செய்யுங்கள். அதை மாற்றக்கூடாது. காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து அதன் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிறுங்கள். காலி எடையைக் கழியுங்கள். மிச்சம் எத்தனை கிராமோ அத்தனை மில்லி அந்தப் பாத்திரம் பிடிக்கும்.

மூன்றாவது, பாத்திரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, மாவோ பருப்போ போட்டுத் தலைதட்டி நிறுங்கள். காலி எடையைக் கழியுங்கள். இப்படி மூன்று தடவை செய்து, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். அதுதான் அந்தப் பொருளுக்கு உங்கள் படியின் எடை.

தராசு இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கடையில் முத்திரையிட்ட தராசில் சரியாக ஒரு கிலோ நிறுத்து வாங்கிய பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் டம்ளரால் அளந்து பாருங்கள். ஆறு டம்ளர் வந்தால், அந்தப் பொருளில் ஆறு டம்ளர் ஒரு கிலோ. கணக்கு முடிந்தது.

பிறகு பெருக்கலும் வகுத்தலும்தான். படிக் கணக்கைக் கிலோ ஆக்க வேண்டுமானால், படியின் எண்ணிக்கையை ஒரு படியின் எடையால் பெருக்குங்கள். கிலோக் கணக்கைப் படி ஆக்க வேண்டுமானால், வேண்டிய எடையை ஒரு படியின் எடையால் வகுங்கள். அந்த மகளிர் குழுவுக்கு 5,000 கிராம் மாவு வேண்டும். ஒரு படி 520 கிராம். வகுத்தால் ஒன்பதரைப் படிக்குச் சற்று மேலே வருகிறது. அவர்கள் போட்டது அஞ்சு படி.

எங்கே படியே போதும்?

இதைக் கேட்டுவிட்டு, நாளைக் காலையில் இட்லிக்கு ஊறப்போட யாரும் தராசைத் தேட வேண்டாம். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் என்பதெல்லாம் டம்ளரிலேயே பிறந்த கணக்கு. அரிசியும் உளுந்தும் ஏறக்குறைய ஒரே கனம் உள்ளவை. ஒரே டம்ளரால், ஒரே மாதிரி அளந்தால் தப்பு வராது. நம் தாய்மார்களின் கை அளவை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்தக் கை அளவை இன்னொருவர் கைக்கு மாற்றும்போதும், வெளியூர்க்காரர் எழுதிய குறிப்பைப் பார்த்துச் செய்யும்போதும், நூறு பேருக்குப் பெருக்கும்போதும், காசுக்கு விற்கும்போதும்தான் எடை அவசியம்.

இதே பாடம் வயலுக்கும் பொருந்தும். யூரியாவைச் சட்டியால் அளந்து போடுகிறவர்கள் உண்டு. ஒரு லிட்டர் யூரியா முக்கால் கிலோதான். பத்து லிட்டர் அள்ளிப் போட்டுவிட்டுப் பத்துக் கிலோ போட்டதாக நினைத்தால், இரண்டரைக் கிலோ குறையும். பொட்டாஷ் அப்படி இல்லை, லிட்டருக்கு ஒரு கிலோவும் அதற்குச் சற்று மேலும் நிற்கும். மருந்துப் பொட்டலத்தில் கிராம் என்று போட்டிருந்தால் நிறுக்க வேண்டும், மில்லி என்று போட்டிருந்தால் அளக்க வேண்டும். உரத்துக்கும் மருந்துக்கும் எடுத்த பாத்திரம் எக்காரணம் கொண்டும் அடுப்படிக்குத் திரும்பி வரக்கூடாது.

விற்பனைக்குப் பயன்படுத்தும் தராசும் படியும் முத்திரையிட்டதாக இருக்க வேண்டும் என்பது 2009-ம் வருஷத்து எடையளவுச் சட்டத்தின் விதி. முத்திரை ஆய்வாளரிடம் காட்டி முத்திரை வாங்கிக்கொண்டால், வாங்குகிறவருக்கும் நம்பிக்கை, விற்கிறவருக்கும் பாதுகாப்பு.

அந்த அதிரசம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எண்ணெயில் போட்டது போனது போனதுதான். மீதியிருந்த பாகு மாவை நிறுத்து, குறைகிற மாவைக் கணக்குப் போட்டு, புதிதாக அரிசி ஊறவைத்து இடித்துச் சலித்துச் சேர்த்துப் பிசைந்தார்கள். ஒரு நாள் வைத்திருந்து சுட்டார்கள். வழக்கமான மெத்துமெத்துப்பு இல்லை, ஆனால் பிரியவில்லை. ஆர்டரை எப்படியோ கொடுத்து முடித்தார்கள். லாபம் கிடையாது, கை நஷ்டம் கொஞ்சம்.

அடுத்த மாதம் நான் போனபோது அந்தக் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு பட்டியல் எழுதியிருந்தது. 'நம்ம படி: ஈர மாவு 520, காய்ந்த மாவு 600, உளுந்து 830, கல் உப்பு 1,010.' மூன்று தடவை நிறுத்து அவர்களே எடுத்த கணக்கு. "இனிமே நீங்க கிலோவுல எழுதினாலும் சரி, படியில எழுதினாலும் சரி சார், நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்கள். நானும் அன்றிலிருந்து எந்தப் பயிற்சிக்குப் போனாலும் ஒரு தராசைக் கையோடு எடுத்துப் போகிறேன்.

உங்கள் வீட்டுச் சுவரிலும் அப்படி நாலு வரி இருக்கட்டும். அரை மணி நேர வேலைதான்.